பிந்தி வந்த ஒளி
விண்ணில் வெடித்தவை: வரலாற்றுத் தொடர், பகுதி 9

ரகசியமாக நடத்தப்படும் அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்ப்பதற்கென்று அமெரிக்கர் ஏவியிருந்த வேலா துணைக்கோள்களில் 1967 ஜூலை 2 ஆம் தேதி பதிந்த விசித்திரமான காமாக் கிரண வெடிப்பு, பல ஆண்டுகள் காகிதக் கட்டுகளுக்குள் உறங்கிக் கிடந்து, அதையொத்த வேறு வெடிப்புகளோடு சேர்த்து 1973 இல் உலகறிய வெளியான வரலாற்றைச் சென்ற பகுதியில் பார்த்தோம். பிறகு 1991 இல் ஏவப்பட்ட காம்ப்டன் விண்கூடம் நாள்தோறும் ஒன்றென்ற விகிதத்தில் வெடிப்புகளைப் பதிவு செய்துகொண்டே போயும், அவை ஆகாயத்தின் எல்லாத் திக்குகளிலும் சமமாகச் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு மேல் ஒன்றும் தெளிவாகாமல், எவ்வளவு தூரத்தில் நிகழ்கின்றன, எதனால் நிகழ்கின்றன என்ற இரண்டு கேள்விகளின் முன்னும் சாஸ்திர உலகம் திகைத்து நின்ற இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம்.

காமாக் கிரணம் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதில்லை. வில்லையில் குவிவதும் இல்லை. அதை உணரும் படிகம், தன்மேல் கிரணம் விழுந்த வேளையை நொடியின் சிறு பின்னம் வரை துல்லியமாகச் சொல்லுமே தவிர, எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்று கேட்டால் ஆகாயத்தில் ஒரு பெரிய வட்டத்தைக் காட்டி, இதற்குள் எங்கோ என்று கைவிரித்துவிடும். அந்த வட்டத்துக்குள் லக்ஷக்கணக்கான நக்ஷத்திரங்களும் அண்டங்களும் அடங்கும். தொலைநோக்கியைத் திருப்பி அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குள், சில நொடிகளே ஜீவித்த வெடிப்பு சுவடின்றி மறைந்துபோயிருக்கும்.

அந்த முடிச்சை அவிழ்த்தது, இத்தாலியரும் டச்சுக்காரரும் கூடிச் செய்து 1996 ஏப்ரல் 30 ஆம் தேதி ஏவிய பெப்போஸாக்ஸ் என்னும் விண்கலம். 1997 பிப்ரவரி 28 ஆம் தேதி வெடிப்பு ஒன்று அதன் அகன்ற பார்வைக் காமிராவில் பட்டது. பொறுப்பிலிருந்தவர்கள் ஒரு கணமும் தாமதியாமல் கணக்கிட்டு, எட்டு மணி நேரத்துக்குள் அதே கலத்தின் கூரிய எக்ஸ் கிரணத் தொலைநோக்கிகளை அந்தத் திக்கை நோக்கித் திருப்பியபோது, அதுவரை ஆகாயப் படங்களில் இல்லாத ஓர் எக்ஸ் கிரணப் புள்ளி அங்கே கனன்றுகொண்டிருந்தது. மூன்று நாட்கள் கழித்துப் பார்த்தால் அது வெகுவாக மங்கியிருந்தது. கனரித் தீவுகளில் உள்ள லா பால்மாவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியும் அவ்விடத்தில் மங்கிக்கொண்டே போகும் ஒரு சாதாரண ஒளிப்புள்ளியைப் படம்பிடித்தது. வெடிப்பு மறைந்த பின்னும் நாட்கணக்கில் தங்கி நிற்கும் இந்தப் பின்னொளிதான் அதன் முகவரியை மனிதனுக்கு முதன்முதலாகக் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் பின்னொளியை ஹவாயிலிருந்து கெக் தொலைநோக்கி நிறப்பிரிகை செய்து பார்த்ததில், அது புறப்பட்டு அறுநூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று நிச்சயமாயிற்று.

பின்னொளி எப்படி உண்டாகிறது என்பதைக் காவிரிக் கரைக்காரர்களுக்கு விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பையும் கல்லணையையும் கடந்து, வெண்ணாறாகவும் வெட்டாறாகவும் கிளைத்து, மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த மணற்படுகையில் முதன்முதலாக நுழைகிறபோது அதன் முன்விளிம்பை அருகில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்: தெளிந்த நீர் கண்ணுக்குத் தெரியாது, நுரையும் சருகும் முள்ளும் புழுதியும் திரண்டு, ஒரு பழுப்பு வரம்பாக உருண்டு வரும், வழியில் கிடப்பதையெல்லாம் வாரிச் சேர்க்கச் சேர்க்க அதன் வேகம் தளரும். வெடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரையும், நக்ஷத்திரங்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் மெல்லிய வாயுவை இப்படியே வாரித் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த மோதலில் கொதித்த மின்னணுக்கள் காந்தப் புலத்தில் சுழன்று ஒளியை உமிழ்கின்றன. தாரை தளரத் தளர அந்த ஒளி எக்ஸ் கிரணத்திலிருந்து கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகவும், பின்னர் ரேடியோ அலையாகவும் இறங்கிக்கொண்டே வருகிறது. தண்ணீர் தன் வயலுக்கு வந்த நாளையும் அதன் வேகத்தையும் கொண்டு, மேலே மதகு திறந்த நாள் எதுவென்று கடைமடைக் குடியானவர் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடுவது போலவே, பின்னொளி மங்கும் வேகத்தைக் கொண்டு வெடிப்பு நிகழ்ந்த வேளையைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் அது ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கப்போகிறது.

இந்த வேட்டையில் பாரத தேசம் இறங்கிய கதை சோகத்தில் ஆரம்பிக்கிறது. 1987 மார்ச் 24 ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பிய ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் தலையில் இருந்த ஸ்ரோஸ் துணைக்கோளில், காமாக் கிரணங்களை ஆராயும் கருவி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ராக்கெட் பழுதுபட்டு, நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் அலைமோதும் அதே வங்கக் கடலில் யாவும் மூழ்கின. 1988 ஜூலை 13 ஆம் தேதி மறுபடியும் முயன்றபோதும் கடலே கொண்டுபோயிற்று. 1992 மே 20 ஆம் தேதி மூன்றாவது கலம் மேலே சென்றது. ஆனால் வேண்டிய உயரம் கிட்டாமையால் இரண்டு மாதத்துக்குள் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தது. 1994 மே 4 ஆம் தேதி ஏவிய ஸ்ரோஸ் சி2 தான், ஏறக்குறைய நூற்றுப்பதினைந்து கிலோ எடையுள்ள அந்தச் சிறு பெட்டிதான், நிலையான பாதையில் நின்று நம்மவர்களுக்கு முதன்முதலாகக் காமாக் கிரண வெடிப்புகளைக் காட்டிற்று. மூன்று தடவை இழந்தும் அந்தச் சோதனையைக் கைவிடாமல் நான்காம் கலத்திலும் ஏற்றி அனுப்பிய பெங்களூர் விண்கல மையத்தாரின் விடாப்பிடி, பின்னால் வந்த வெற்றிகளின் வெளிச்சத்தில் அநேகமாக மறக்கப்பட்டுவிட்டது. என் மனத்தில் அது மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறது. பின்னொளியைத் தரையிலிருந்து தொடர்ந்தவர்களில், 1999 ஜனவரி 23 ஆம் தேதியின் பிரசித்தமான வெடிப்பை நைனிதால் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அளந்தவர்களும் உண்டு.

அதே 1999 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் ஓர் எக்ஸ் கிரணத் தொலைநோக்கியை விண்ணில் கொண்டுபோய் வைத்தது. அதற்குச் சூட்டிய பெயர் சந்திரா. லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் வாழ்ந்து, 1983 இல் நோபல் பரிசு பெற்று, 1995 இல் மறைந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர் அது. அவருடைய தகப்பனார் சுப்பிரமணிய ஐயரும் சிற்றப்பா சி. வி. ராமனும் தஞ்சை ஜில்லாவில் மாங்குடிப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிரிட்ட குடும்பத்தின் சந்ததியினர் என்பதைத் தஞ்சை நாட்டார் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1930 இல், பத்தொன்பது வயது வாலிபராக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிறபோதே, எரிபொருள் தீர்ந்த நக்ஷத்திரத்தின் நிறை ஒரு வரம்பைக் கடந்துவிட்டால் அது வெள்ளைக் குள்ளனாக அமைதியடைய முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப் புத்தகங்களில் உள்ள அந்த வரம்பை, 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் ஏளனம் செய்து தள்ளினார். வரம்பைக் கடந்த நக்ஷத்திரம் நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ சுருங்கும் என்பதைக் காலம் ஊர்ஜிதம் செய்தது. அத்தகைய இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் பின்னொளியைத்தான், அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி 2017 இல் கண்டது. அதைச் சொல்வதற்கு முன் அதே ஆண்டின் ஜனவரிச் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் ஆகஸ்ட்டின் அருமை விளங்காது.

2015 செப்டம்பர் 28 ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோஸாட், பாரதத்தின் முதல் முழு விண்வெளி வானாய்வுக் கூடம். பூமத்திய ரேகைக்கு ஆறு பாகை சாய்வில், குமரிமுனைக்கும் தெற்காகவே நின்று, 650 கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றுகிறது. அதில் உள்ள சி.இசட்.டி.ஐ. என்னும் உபகரணம் காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் ஆகிய மூன்றும் கூடிய படிகத் தகடுகளால் ஆனது. தகடு ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் சதுரமும் ஐந்து மில்லிமீட்டர் கனமும் கொண்டது. அதற்குள் பதினாறுக்குப் பதினாறாக 256 கட்டங்கள். அப்படிப்பட்ட 64 தகடுகள் சேர்ந்து மொத்தம் 16,384 கட்டங்கள் ஒவ்வொரு கிரணத்தின் வருகையையும் தனித்தனியே குறித்துக்கொள்கின்றன. எந்த நக்ஷத்திரத்தை நோக்கித் திருப்புகிறார்களோ அதை மட்டும் பார்ப்பதற்காகப் படிகங்களைச் சுற்றி உலோகச் சுவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட சக்தியுள்ள கிரணங்களுக்கு அந்தச் சுவர்கள் தடையாக இருப்பதில்லை. அதனால் பூமி மறைக்காத ஆகாயம் முழுவதையும் அவ்வுபகரணம் ஒரே சமயத்தில் உணர்கிறது. இயக்கி வைத்த முதல் நாளான 2015 அக்டோபர் 6 ஆம் தேதியே, பார்வையின் மையத்திலிருந்து அறுபது பாகை விலகி நிகழ்ந்த ஒரு வெடிப்பு, சுவரை ஊடுருவி வந்து அதில் பதிந்தது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏ. ஆர். ராவும் அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்து அமைத்த கருவிக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டியதில்லை.

2017 ஜனவரி 4 ஆம் தேதி அமெரிக்காவின் லைகோ நிலையங்கள் இரண்டும் ஓர் ஈர்ப்பலையை உணர்ந்தன. சுமார் முந்நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றாயின என்பது அதன் பொருள். கருந்துளைகள் ஒன்றாகிறபோது ஒளி வரலாகாது என்பது பொதுவான எண்ணம். வந்தால் சாஸ்திரத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். அடுத்த நாள், ஹவாயின் அட்லாஸ் தொலைநோக்கி, ஈர்ப்பலை வந்திருக்கக்கூடிய ஆகாயப் பகுதிக்குள்ளேயே, விரைவாக மங்கிச் செல்லும் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தது. வானியலாளர் பலருக்கு இதயத் துடிப்பு எகிறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. புனாவில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்த வருண் பாலேராவும் அஸ்ட்ரோஸாட் குழுவினரும் உற்சாகத்துக்கு இடம் கொடாமல், தங்கள் உபகரணத்தின் ஏடுகளைப் புரட்டினார்கள். ஈர்ப்பலை வந்த கணத்தில், அது புறப்பட்டிருக்கக்கூடிய பரப்பில் பாதி அஸ்ட்ரோஸாட்டின் பார்வையில் இருந்தது. அங்கே காமாக் கிரணம் எதுவும் இல்லை. ஆனால் சுமார் இருபது மணி நேரம் கழித்து, ஜனவரி 5 ஆம் தேதி முற்பகலில், ஒரு காமாக் கிரண வெடிப்பு பதிந்திருந்தது. சீனரின் போலார் கருவியும் அதைக் கண்டிருந்தது. ஒளிப்புள்ளி மங்கும் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அது பிறந்த வேளையும் அந்த இரண்டாவது சம்பவத்தோடுதான் பொருந்திற்று. ஆக, ஈர்ப்பலை ஒரு வீட்டுச் செய்தி, ஒளிப்புள்ளி வேறொரு வீட்டுச் செய்தி. அவை ஒரே திக்கில் தோன்றியது தற்செயல் என்று அவர்கள் நிரூபித்தார்கள். ஒரு பெரிய கண்டுபிடிப்பாகி இருக்கக்கூடியதை இல்லையென்று மெய்ப்பிப்பதற்கு உள்ளத் தூய்மை வேண்டும். பாராட்டும் அதற்குக் குறைவாகவே கிட்டும்.

காணாமையை ஒரு சாட்சியாக ஏற்கலாமா என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. மராட்டிய மன்னர் ஷாஹாஜி பண்டிதர்களுக்குத் தானமாக வழங்கிய திருவிசநல்லூரிலும், அதைப் போன்ற காவிரிக்கரை வித்வத் ஸ்தலங்களிலும் மீமாம்ஸை படித்தவர்கள் அனுபலப்தி என்னும் பிரமாணத்தை அறிந்திருப்பார்கள். ஒரு பொருள் இல்லை என்பதை அது காணப்படாமையைக் கொண்டே அறியலாம்; ஆனால் அங்கே இருந்திருந்தால் நிச்சயமாகக் கண்ணில் பட்டிருக்கும் என்ற யோக்யதை இருக்க வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். இருட்டறையில் குடத்தைக் காணோம் என்பது குடம் இல்லை என்பதற்குப் பிரமாணமாகாது. விளக்கேற்றிப் பார்த்துக் காணாவிட்டால் ஆகும். அஸ்ட்ரோஸாட் குழுவினர், இன்ன அளவுக்கு மேற்பட்ட கிரணம் வந்திருந்தால் எங்கள் கருவியில் பதிந்தே தீர்ந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிட்டு எழுதுகிறார்களே, அது விளக்கேற்றிப் பார்த்தோம் என்பதற்கான உறுதிமொழிதான்.

2017 ஆகஸ்ட் 17 ஆம் தேதி வியாழக்கிழமை, ஹேவிளம்பி வருஷம் ஆவணி முதல் நாள். தஞ்சை நாட்டில் அது துக்கமான ஆண்டு. ஜூன் 12 ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் திறக்கப்படாமல் குறுவை கைநழுவிப்போயிருந்தது. சம்பாவுக்கென்று தண்ணீர் விடப்பட்டது அக்டோபர் 2 ஆம் தேதிதான். அந்த ஆவணி முதல் நாள் மாலை, நம் கடிகாரப்படி 6 மணி 11 நிமிஷத்துக்கு, நூறு நொடியளவு நீடித்த ஓர் ஈர்ப்பலை லைகோ நிலையங்களைக் கடந்து முடிந்தது. முடிந்த 1.7 நொடியில், ஃபெர்மி விண்கலத்தின் காமாக் கிரண உணர்விகளில் இரண்டு நொடியளவான ஒரு வெடிப்பு பதிந்தது. ஜனவரியில் இருபது மணி நேரம் இடைவெளி. இப்போது இரண்டு நொடிக்கும் குறைவு. பதின்மூன்று கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து புறப்பட்ட இரு செய்திகள், வழி நெடுக ஒன்றையொன்று பிரியாமல் வந்து சேர்ந்திருக்கின்றன என்றால் அவற்றின் உறவை மறுப்பதற்கில்லை. ஐரோப்பாவின் இன்டெக்ரல் கலமும் அதே வெடிப்பைக் கண்டு உறுதி செய்தது.

அந்தக் கிரணங்கள் வந்த திக்கு, சித்திரை நக்ஷத்திரத்துக்குத் தெற்கே, ஹைட்ரா மண்டலத்தில் உள்ள என்.ஜி.சி. 4993 என்னும் அண்டம். அந்த வேளையில் அது தஞ்சைக்குத் தென்மேற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், இன்னும் அஸ்தமிக்காத சூரியனின் வெளிச்சத்தில் மறைந்து நின்றது. ஆகவே பதின்மூன்று கோடி ஆண்டுப் பிரயாணத்துக்குப் பிறகு அக்கிரணங்களில் ஒரு பங்கு, தண்ணீரின்றிக் காய்ந்து கிடந்த நம் வயல்களுக்கு மேலேயுள்ள காற்று மண்டலத்திலேயே உட்கிரகிக்கப்பட்டது. அஸ்ட்ரோஸாட்டோ பூமிக்கு மறுபக்கத்தில் இருந்தது. அதன் ஏட்டில் ஒன்றுமே பதியவில்லை. ஃபெர்மி கண்ட அளவு வெளிச்சம் அதன் பார்வைக்குள் நிகழ்ந்திருந்தால் பதிந்தே இருக்கும்; பதியாததால், வெடிப்பு பூமி மறைத்த பகுதியில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று குழுவினர் அறிவித்தார்கள். ஃபெர்மி காட்டிய பரந்த ஆகாயத்தில் ஒரு பெரும் பங்கை அந்த இல்லாமையே கழித்துவிட்டது. இத்தாலியிலுள்ள விர்கோ நிலையத்திலும் ஈர்ப்பலை மிகவும் பலவீனமாகவே தெரிந்தது; அதனால் அது விர்கோவின் பார்வை மழுங்கும் திக்குகளில் ஒன்றிலிருந்து வந்தது என்று தெரிந்து, தேட வேண்டிய இடம் இன்னும் குறுகிற்று. ஏறக்குறைய பதினோரு மணி நேரம் கழிந்து, சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் மலையில் ஒரு மீட்டர் விட்டமே உள்ள ஸ்வோப் தொலைநோக்கி, அந்த அண்டத்தின் ஓரத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது.

அந்தப் புள்ளி நீலமாகத் தோன்றி, சில நாட்களில் சிவந்து, அடங்கியது. நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் சிதறிய பொருளில் தங்கமும் பிளாட்டினமும் போன்ற கனமான மூலகங்கள் உருவாகிச் சிதைகிறபோது எழும் வெளிச்சம் அது, கிலோநோவா என்கிறார்கள். பின்னொளி என்பது வேறு. தாரை வாயுவில் மோதுவதால் எழ வேண்டிய எக்ஸ் கிரணமும் ரேடியோ அலையும் எங்கே என்று எல்லோரும் எதிர்பார்த்தனர்.

ஆகஸ்ட் 19 ஆம் தேதி சந்திரா தொலைநோக்கியை அங்கே திருப்பினார்கள். அதன் அமைப்பைச் சிறிது சொன்னால்தான் அன்று அது கண்ட சூன்யத்தின் மதிப்பு விளங்கும். எக்ஸ் கிரணம் கண்ணாடியில் நேராக விழுந்தால் புகுந்து மறைந்துவிடும். மிகச் சாய்வாகப் பட்டால் மட்டுமே வழுக்கித் திரும்பும். ஆகையால் சந்திராவின் ஆடிகள் தட்டையாக இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய நான்கு ஜோடிக் குழாய்களாக, உட்புறம் இரிடியம் பூசப்பட்டு, கிரணங்களைப் பத்து மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளியில் கொண்டுபோய்க் கூட்டுகின்றன. சந்திரனுக்குப் போகும் வழியில் மூன்றிலொரு பங்கு தூரம் வரை விலகிச் செல்லும் நீள்வட்டப் பாதையில், அறுபத்துநாலு மணிக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றுகிறது. அண்டத்தின் நடுவே உள்ள வேறோர் எக்ஸ் கிரண ஊற்றையும், பத்து வில்விநாடிகளே விலகியிருந்த புதிய புள்ளியையும் கலக்காமல் பிரித்துக் காட்டும் கூர்மை அதற்கு உண்டு. அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை.

விநாயக சதுர்த்திக்கு மறுநாள், ஆகஸ்ட் 26 ஆம் தேதி, மறுபடியும் அரை நாளுக்கு மேல் உற்று நோக்கியபோது, மங்கலான ஓர் எக்ஸ் கிரணப் புள்ளி அங்கே இருந்தது. எலியோனோரா ட்ரோயாவும் அவருடைய சகாக்களும் கண்ட இந்தப் புள்ளி, இதுவரை கண்ட பின்னொளிகளுக்கெல்லாம் நேர்மாறானது. மற்றவை முதலில் பிரகாசித்துப் பின் மங்கின. இதுவோ முதலில் இல்லாமலிருந்து பிறகு வளர்ந்தது. 19 ஆம் தேதியின் சூன்யத்தை ஒரு தோல்வியென்று ஒதுக்காமல் எண்ணிட்டுப் பதிந்து வைத்திருந்ததால்தான் 26 ஆம் தேதி கண்டதை வளர்ச்சி என்று சொல்ல முடிந்தது. காரணத்தையும் அந்த வளர்ச்சியே காட்டிற்று: தாரை நம்மை நேராக நோக்காமல் சுமார் இருபது பாகை விலகிப் பாய்ந்திருக்கிறது. ஒளியின் வேகத்தை ஒட்டி விரையும் பொருளின் வெளிச்சம் முன்புறமாகவே குவிந்து செல்லும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வாயுவில் மோதி மோதித் தாரை தளர்ந்த பிறகே அதன் வெளிச்சக் கூம்பு விரிந்து நம்மையும் தொட்டது. இவ்வளவு அருகில் நிகழ்ந்தும் காமாக் கிரண வெடிப்பு அத்தனை சோனியாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

செப்டம்பர் 2 ஆம் தேதி சனிக்கிழமை, வாக்கியப் பஞ்சாங்கப்படி குருப்பெயர்ச்சி. வலங்கைமானுக்கு அருகே ஆலங்குடியில் ஜனங்கள் வரிசை வரிசையாகத் திரண்டிருந்தார்கள். அந்த வாரங்களில் வியாழ கிரகம் சித்திரை நக்ஷத்திரத்தை அடுத்து, நாம் சொல்லிவரும் அண்டத்துக்கு வடக்கே, மாலை வானில் தெளிவாகத் தெரிந்தது. அதே தேதியில்தான், நியூ மெக்ஸிகோவின் விஎல்ஏ ரேடியோத் தொலைநோக்கித் தொகுதி அந்தப் புள்ளியிலிருந்து ரேடியோ அலையை முதன்முதலாகப் பிடித்தது. ஆனால் சூரியனும் கன்னியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சூரியனுக்கு அருகில் உள்ளதைப் பார்த்தால் பழுதடையும் என்பதால் எக்ஸ் கிரணத் தொலைநோக்கிகள் அப்பக்கம் திரும்பலாகாது. புரட்டாசி, ஐப்பசி முழுவதும் சந்திரா வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ரேடியோ அலைக்கு அந்தத் தடையில்லை. புனாவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் விரிந்து கிடக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோத் தொலைநோக்கி, திருவனந்தபுரம் விண்வெளிக் கல்விக் கழகத்தின் ரெஸ்மி லெக்ஷ்மி முதலானோரின் முயற்சியால், தாழ்ந்த அலைவரிசைகளில் அந்தப் பின்னொளியைத் தொடர்ந்து அளந்தது. கார்த்திகையில், டிசம்பர் முதல் வாரத்தில், சூரியன் விலகியபின் சந்திரா திரும்பிப் பார்த்தபோது புள்ளி மங்கியிருக்கவில்லை; செப்டம்பரில் இருந்ததைப்போல் பன்மடங்கு பிரகாசித்தது. ஐந்து மாதம் வரை வளர்ந்து, அதன் பிறகே இறங்கத் தொடங்கிற்று. ஆயிரம் நாட்களைக் கடந்தும் சந்திராவால் அதை உணர முடிந்தது.

அந்த மோதலில் எஞ்சியது என்ன என்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை. இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் நிறையும் சேர்ந்து சூரியனைப்போல் சுமார் 2.7 மடங்கு, அவ்வளவு பளுவைத் தாங்கி ஒரே நியூட்ரான் விண்மீனாக நிற்க முடியுமா, கருந்துளையாகச் சரிந்தே தீருமா என்பது, சந்திரசேகர் கப்பலில் கேட்ட கேள்வியின் அடுத்த படி. பெரும்பாலோர் கருந்துளை என்று கருதுகிறார்கள். அதைத் தீர்க்க இதைப்போன்ற சம்பவங்கள் இன்னும் பல வேண்டும். அவை நிகழும் கணத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் வேண்டும். பூமி குறுக்கே நின்று மறைத்த அந்த ஆவணி மாலையை நினைத்தோ என்னவோ, பாலேராவும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் பிற நிலையங்களிலும் உள்ள அவருடைய சகாக்களும் தக்ஷா என்றொரு திட்டம் வகுத்திருக்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு துணைக்கோள்களைப் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்திவிட்டால், ஒன்றுக்கு மறையும் ஆகாயம் மற்றதற்குத் தெரியும். அத்திட்டத்தின் அமைப்பையும், ஐந்நூறுக்கு மேற்பட்ட வெடிப்புகளைப் பதிந்துவிட்ட அஸ்ட்ரோஸாட், அவற்றில் பிரகாசமான சிலவற்றின் கிரணங்கள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்று அளந்து சொன்ன வரலாற்றையும் அடுத்த பகுதியில் காண்போம்.

(தொடரும்)